வலது கண்ணுக்கு ஐந்து வாரம்

வாசிக்கின்ற உங்களை இந்த விவகாரத்தில் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல அழைக்கவில்லை. அது ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. நான் சொல்லப்போவது நடந்தபடியே சொல்லப்படுகிறதா, இடையில் எங்கேனும் எனக்குச் சாதகமாக வளைகிறதா என்று கவனித்தால் போதும். எந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்தாலும் அந்தப் பக்கத்தையே வெல்லவைக்கப் பயின்றவன் நான். பள்ளி நாள் தொட்டு மேடையில் நிற்கிறேன். வாங்கிய கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியின் இரண்டு தட்டுகளை நிறைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஒருவன் தன்னைப் பற்றியே பேசும்போது பக்கத்தில் ஒரு சாட்சி இருப்பது நல்லது.

என் வலது கண்ணில் பார்வை குறைந்துவருவதை இரண்டு ஆண்டுகள் மறைத்தேன். மறைக்க எனக்கு உதவியது என் நினைவாற்றல்.

காரைக்காலில் பேருந்து நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கண்ணாடிக்கடை இருக்கிறது. அதை நடத்துபவரை ஊரே பாய் என்றுதான் அழைக்கும்; நானும் அப்படித்தான். பன்னிரண்டாம் வகுப்பில் முதன்முதலாக என் அம்மா என்னை அங்கே அழைத்துச் சென்றார். கடைக்குள் நீளமான ஓர் அறை. ஒரு முனையில் சுழலும் நாற்காலி, மறு முனையில் விளக்குப் பெட்டியின் மேல் தமிழ் எழுத்துப் பலகை, சுவரோரமாகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு மரப்பெட்டி இருக்கை. நாற்காலியில் இருப்பவர் ஒவ்வொரு வரியாக வாசிப்பார். பெட்டியில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அன்று எனக்கு முன்னால் நான்கு பேர். ஐந்தாவதாக நான் எழுந்தபோது பலகையின் ஏழு வரிகளும் எனக்குள் வரிசையாக நின்றன. அதற்காக நான் எந்த முயற்சியும் செய்யவில்லை. ஒருமுறை காதில் விழுந்தால் தங்கிவிடும்; என் பிழைப்பே அதுதான்.

அந்த முதல் முறை நான் நேர்மையாகவே வாசித்தேன். சிறிய பவர் எழுதினார், கண்ணாடி போட்டார், சீட்டு கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது.

மறு ஆண்டு போனபோது இடது கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். பலகையின் கீழ்ப் பாதி ஈரத்தில் ஊறிய தாள் போலக் கலங்கியிருந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே அதன் நிழல் ஒன்று சரிந்து கிடந்தது. அந்த இடத்தில் ஒரே ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். தெரியலை. அவ்வளவே. ஆனால் மேடையில் நான் முதலில் கற்றதே அந்தச் சொல்லை உதட்டுக்கு வரவிடாமல் இருப்பதுதான். எதிரணி கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் கேள்வியைத் திருப்ப வேண்டும், சபையைச் சிரிக்கவைக்க வேண்டும், குரலை ஒரு படி உயர்த்த வேண்டும். தெரியாது என்று மட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பழக்கம் முந்திக்கொண்டது. நினைவிலிருந்து ஏழு வரிகளையும் சொன்னேன். கடைசி வரியில் இரண்டு இடங்களில் வேண்டுமென்றே சற்றுத் தயங்கினேன். தயக்கம் இருந்தால் கேட்பவருக்கு நம்பிக்கை வரும் என்பதும் மேடையில் கற்றதுதான்.

பாய் திருப்தியாகத் தலையசைத்து, அதே பவரைச் சீட்டில் எழுதினார். அதற்கடுத்த ஆண்டும் இதுவே நடந்தது. அந்த முறை தயக்கத்தை வேறு எழுத்துகளுக்கு மாற்றினேன்.

நான்காவது முறை போனது இந்த ஆண்டு, ஆவணி முடிகிற வேளை. கல்லூரி விட்டுத் தனியாகப் போனேன். கடையில் புதிதாக ஒரு கணினிக் கருவி வந்திருந்தது. அதன் முன் தாடையை வைக்கச் சொன்னார் பாய். அது கண்ணைப் பார்த்து ஏதோ எண்களை அச்சடித்தது. வலது கண்ணுக்கு மூன்று முறை வைத்தார்; மூன்று முறையும் வெவ்வேறு எண்கள். அவர் என்னைச் சுழல் நாற்காலிக்கு அனுப்பி, இடது கண்ணை மூடி வாசிக்கச் சொன்னார். எதிரே வெள்ளையாக ஏதோ ஒளிர்ந்தது; அதை நான் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சீராக, நல்ல உச்சரிப்போடு சொல்லி முடித்தேன். இந்த முறையும் இரண்டு தயக்கங்கள்.

பாய் ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க சொன்னது பழைய போர்டு. அதைக் கழட்டி ரெண்டு மாசமாச்சு. உள்ள பீரோவுக்குப் பின்னால கெடக்கு. இப்ப எதிர்ல இருக்கறது டிவி. அதுல எழுத்தே இல்ல, நம்பர் போட்டிருக்கேன்."

மூடியிருந்த இடது கண்ணைத் திறந்து பார்த்தேன்; திரை நிறைய எண்கள். மேடையில் இப்படி மாட்டிக்கொண்ட இடங்கள் எனக்கு மிகக் குறைவு.

எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தம் மீதே சற்று வருத்தப்பட்டவர் போலத் தெரிந்தார். மூன்றாவது ஆண்டிலாவது பலகையைத் திருப்பிப் போட்டிருக்கலாம் என்று முணுமுணுத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, கருவிழி மருத்துவருக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி உறையில் போட்டார். என்ன வியாதி என்று கேட்டேன்.

"நான் கண்ணாடி போடறவன் தம்பி. வியாதிக்குப் பேரு வைக்கிறது டாக்டர் வேலை. ஆனா இது கண்ணாடியில தீர்ற கதையா எனக்குத் தெரியல, அதான் அனுப்பறேன். பழைய சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, கேப்பாங்க. அது வரைக்கும் கண்ணைக் கசக்காதீங்க. நீங்க கசக்கறது எனக்குப் பிடிக்கல."

வீட்டில் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டேன். நான் கேட்ட கேள்விகளிலேயே மிகச் சிறிய குரலில் கேட்டது அதுவாகத்தான் இருக்கும். தாம் கடிதத்தில் எழுதியது கருவி காட்டியதை மட்டுமே என்றும், மீதியை நானே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எங்கள் வீடு பக்கத்துக் கிராமமான போலகத்தில். அப்பா காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலமும் உண்டு. உறையைக் கொடுத்ததும் அம்மா மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். கருவிழிக்கான மருத்துவர் புதுச்சேரியிலிருந்து மாதம் ஒருமுறை, ஒரு சனிக்கிழமை மட்டும் காரைக்காலுக்கு வருவாராம். இந்த மாத இடங்கள் நிரம்பிவிட்டன. அடுத்த மாதத்துக்கு எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். நாள்காட்டியில் அம்மா எண்ணிப் பார்த்தார். ஐந்து வாரம்.

அதன் பிறகு அம்மா செய்ததுதான் என்னை மிகவும் வருத்தியது. எங்கள் வீட்டில் எந்தத் தாளும் தொலையாது. மின்கட்டண ரசீது முதல் என் முதல் வகுப்பு மதிப்பெண் அட்டை வரை அம்மாவின் பிளாஸ்டிக் உறைகளில் ஆண்டு வாரியாக இருக்கும். பாயின் மூன்று சீட்டுகளையும் அவர் எடுத்து, புதிய உறையில் வரிசையாக வைத்தார். அப்பா அவற்றை வாங்கிக் கண்ணாடியைக் கீழிறக்கிப் படித்தார். மூன்றிலும் ஒரே பவர். மூன்றிலும், கண்ணாடி போட்டால் முழுப் பார்வை என்பதைக் குறிக்கும் ஆறுக்கு ஆறு. அப்பாவின் முகம் தெளிந்தது.

"மூணு வருஷமா அசையவே இல்லையே. புது மெஷின் ஏதோ தப்பாக் காட்டுது. ஒண்ணும் இருக்காது, பாரு."

அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டு தாள்களை நம்பியவர். தாளில் இருப்பது அவருக்கு உண்மை. மறுநாள் எதிர்வீட்டில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த நாள் என் அத்தையிடம் தொலைபேசியில் சொன்னார். நான் இரண்டு முறை வாய் திறந்தேன். இரண்டு முறையும் வேறு ஏதோ பேசி முடித்தேன். இடையில் நுழைய இடமே கிடைக்காதவன் போல நடந்துகொண்டேன். எந்தச் சபையிலும் எனக்கு இடம் கிடைக்காமல் போனதில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

காத்திருந்த அந்த ஐந்து வாரங்களும் வெளியிலிருந்து பார்த்தால் அமைதியானவை. காலையில் பேருந்தில் காரைக்கால், மாலையில் திரும்பி வருதல். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நான் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் ஊரை வாசிக்க முயன்றேன். திருமலைராயன்பட்டினம் என்கிற நீளமான ஊர்ப்பெயர்ப் பலகையில் முதலிரண்டு எழுத்துகளும் கடைசி எழுத்தும் கிடைக்கும். நடுவில் மை கொட்டியது போல இருக்கும். காரைக்காலுக்குள் நுழைந்தால், பழைய பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தெருப் பலகைகள். அவற்றை நான் வாசிக்காமலே அறிவேன் என்பதால் சோதனைக்குப் பயன்படவில்லை. எனக்குத் தெரியாத எழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. கடைசியில் எதிரே வரும் லாரிகளின் எண்களைத் தேர்ந்தெடுத்தேன். வலது கண்ணுக்கு அவை ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தன. மேலே ஒரு தெளிவான எண், கீழே அதன் வெளிறிய நகல்.

கண் அரிக்கும்போதெல்லாம் கை தானாக எழும். சிறுவயதிலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம். அம்மா சமையலறையிலிருந்து திரும்பாமலே "கை" என்பார். கை இறங்கும். அந்த ஒரு சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொன்னார் என்று எண்ண முடியாது. சோறு பிசையும்போதும், செய்தி பார்க்கும்போதும், ஒருமுறை கோயிலில் தீபாராதனை காட்டும்போதும் சொன்னார். குருக்களே ஒரு கணம் தம் கையைப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஒரு கல்லூரியில் உடனடிப் பேச்சுப் போட்டி. மேடையில் ஏறியதும் கிண்ணத்திலிருந்து ஒரு சீட்டை எடுத்து, தலைப்பை உரக்க வாசித்துவிட்டு, ஒரு நிமிடத்தில் பேசத் தொடங்க வேண்டும். நான் மேடையில் கண்ணாடி அணிவதில்லை. பேசுபவனின் கண்ணைச் சபை நேராகப் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. அதைக் கொள்கை என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தேன். சீட்டை எடுத்தேன். பொடிப்பொடியான கையெழுத்து, மங்கிய மை. வலது கண்ணின் நிழல் இடது கண் பார்ப்பதையும் கலைத்தது; இரண்டும் சேர்ந்தும் ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அரங்கம் காத்திருந்தது. நான் சீட்டை உயர்த்திப் பிடித்து, தலைப்பை நான் வாசித்தால் அது என் குரலாகிவிடும், நடுவர் வாசித்தால் இந்த அவையின் குரலாகும், ஆகவே நடுவரே வாசித்தருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி நேரே சென்று அவர் கையில் கொடுத்தேன். கைதட்டல் எழுந்தது. நடுவர் மகிழ்ந்துபோய் வாசித்தார். கிராமத்துக்கு முதலில் வேண்டியது பேருந்தா, இணையமா என்பது தலைப்பு. பேருந்து என்று பேசினேன். முதல் பரிசு எனக்கே.

என்னோடு எப்போதும் எதிரணியில் பேசும் தோழி ஒருத்தி இருக்கிறாள், திருமலைராயன்பட்டினத்துப் பெண். அன்று இரண்டாம் பரிசு அவளுக்கு. பேருந்து நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, நேராகச் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சீட்டு தெரியல, அதானே?"

"அது ஒரு உத்தி."

"உத்தியாம். தலைகீழா வச்சுக் காட்டுனடா, சீட்ட. மேல இருக்க வேண்டிய காலேஜ் சீலு கீழ இருந்துச்சு. முதல் வரிசையில இருந்த எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. தெரியலன்னு சொன்னா ஒனக்கு நாக்கு உதுந்துடுமா?"

நான் பேச்சை மாற்றினேன். அவள் மாற விடவில்லை. மருத்துவர் கதை, பலகைக் கதை, மூன்று சீட்டுகள், அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது எல்லாவற்றையும் அந்த நிறுத்தத்தில் நின்றே வாங்கிவிட்டாள். நான் சொல்லி முடித்ததும் அவள் கேலி செய்யவில்லை. அந்தச் சீட்டுகளை வைத்து மருத்துவர் ஏதேனும் முடிவெடுத்தால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டாள். நான் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை. என் பொய் எனக்கு வெட்கம் தரும் ஒரு பழைய சங்கதி என்றுதான் நினைத்திருந்தேன். அது இன்னும் வேலை செய்யக்கூடியது, என் கண்ணின் மேல் ஒருவர் கை வைப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கக்கூடியது என்று அப்போதுதான் புரிந்தது. பேருந்து வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். நான் அடுத்த பேருந்துக்கு நின்றேன்.

குறித்த சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. அப்பா விடுப்பு எடுத்திருந்தார். அம்மா உறையை இன்னொரு உறைக்குள் போட்டு எடுத்துவந்தார். எங்களுக்குப் பத்தொன்பதாம் டோக்கன். கூடத்தில் நனைந்த குடைகளின் வாடை. கண்ணில் பஞ்சு ஒட்டியவர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், சொட்டு மருந்து விடப்பட்டு முகத்தை மேலே தூக்கியபடி அசையாமல் இருப்பவர்கள். யாரும் அதிகம் பேசவில்லை. நாகூரிலிருந்து வந்த ஒரு முதியவர் மட்டும், தம் கண்ணில் உள்ள கோளாறு தம் மருமகனுக்கே முதலில் தெரிந்ததாகவும், அவர் துபாயிலிருந்து வீடியோ அழைப்பில் பார்த்துக் கண்டுபிடித்ததாகவும் அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்வை சோதிக்கும் அறையின் கதவுக்கு நேர் எதிரே எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒருவர் வாசித்தார். ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். அடுத்தவர் வாசித்தார். அதற்கடுத்தவர். மூன்றாவது ஆள் வெளியே வரும்போது எட்டு வரிகளும் எனக்குள் வந்து அமர்ந்துவிட்டன. நான் அழைக்கவில்லை. காதை மூடிக்கொண்டால் அம்மா என்னவென்று கேட்பார். எழுந்து, கூடத்தின் மறுகோடியில் இருந்த தொலைக்காட்சிக்கு அடியில் போய் நின்றேன். அங்கே நின்றும் பயனில்லை, வந்தது வந்ததுதான்.

என் முறை வந்தது. சோதிக்கும் பெண் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். நாற்காலியில் உட்காரும் முன்பே சொன்னேன்.

"மேடம், இந்த போர்டு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. வேற இருந்தா போடுங்க."

அவர் சிரித்துவிட்டார். கதவைச் சாத்திவைக்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்று அலுத்துக்கொண்டு, திரையை மாற்றினார். இடது கண் கடைசி வரிவரை போனது. வலது கண் இரண்டு வரிகளோடு நின்றது. மூன்றாவது வரியில் மேடைப் பழக்கம் எனக்குள் எழுந்து ஊகிக்கத் தொடங்கியது. வாயை இறுக்கிக்கொண்டேன். அவ்வளவுதானா என்று கேட்டார். தலையாட்டினேன். தெரியலை என்ற அந்தச் சொல் இன்னும் வரவில்லை என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து, வட்ட வட்டமாக ஒளி தெரியும் ஒரு கருவியில் ஸ்கேன் எடுத்தார்கள். அதன் பிறகு சொட்டு மருந்து. எரிச்சல் அடங்கியதும் அருகில் உள்ளவை எல்லாம் கரைந்தன. என் உள்ளங்கைக் கோடுகள் காணாமற்போயின. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவரின் அறைக்குள் போனேன்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. மெதுவாகப் பேசினார். திரையில் என் இரண்டு கண்களின் படங்கள் வண்ண வண்ணமாக இருந்தன. இடது கண் பெரும்பாலும் பச்சை. வலது கண்ணின் கீழ்ப்பகுதியில் சிவப்பு. கருவிழி அந்த இடத்தில் மெலிந்து, கூம்பு போல முன்னே தள்ளுகிறது என்றார். என் வயதுக்காரர்களுக்கு வருவதுதான். கண்ணைக் கசக்குவது அதை மோசமாக்கும். குருடாகிவிடுவேனோ என்று அம்மா கேட்டதற்கு, அப்படி நினைக்க வேண்டாம் என்றார். இது மேலும் வளர்கிறதா, எந்த வேகத்தில் வளர்கிறது என்பதுதான் கேள்வி. வேகமாக வளர்ந்தால் மருந்து விட்டு ஒளி பாய்ச்சிக் கருவிழியை உறுதிப்படுத்தும் ஒரு சிகிச்சை இருக்கிறது.

பழைய சீட்டுகள் உண்டா என்றார். அப்பா உறையை இரண்டு கைகளாலும் நீட்டினார். நீட்டும்போதே, மூன்று ஆண்டும் ஆறுக்கு ஆறு என்று சொன்னார். மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கடைசிச் சீட்டு போன வருஷம். அதுலயும் முழுப் பார்வை. இன்னைக்கு ரெண்டு வரி. அப்படின்னா இவ்வளவும் ஒரு வருஷத்துக்குள்ள நடந்திருக்கு. இது வேகம்தான். காத்திருக்க வேணாம், அடுத்த மாசம் நான் வரும்போதே சிகிச்சை செஞ்சுடலாம்."

அப்பாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. எப்போது என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள் மேடம், செய்துவிடுகிறோம் என்றார். அவர் குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. இல்லாத ஒரு வேகத்துக்கு எதிராக, என் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எதற்கும் தயாராக இருந்தார்.

நான் பேசினேன். முன்னுரை இல்லாமல் பேசிய முதல் பேச்சு அது.

"ரெண்டாவது சீட்டும் மூணாவது சீட்டும் பொய்ங்க மேடம். நான் பாத்துப் படிக்கல. போர்டு மனப்பாடம், அதைச் சொல்லிட்டேன். அப்பவே வலது கண்ணுல சரியாத் தெரியல."

யாரும் என்னைத் திட்டவில்லை. மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு, முதல் சீட்டு உண்மையா என்றார். உண்மை என்றேன். இரண்டாவது ஆண்டில் எத்தனை வரி தெரிந்தது என்று நினைவிருக்கிறதா என்றார். மூன்று வரி தெரிந்தது, மீதி நிழல். மூன்றாவது ஆண்டில்? ஏறக்குறைய அதேதான். அவர் அந்த இரண்டு தாள்களையும் தனியே எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தார்.

"அப்ப எவ்வளவு வேகமாப் போவுதுன்னு எனக்குத் தெரியல," என்றார். இவ்வளவு படித்தவர் அந்தச் சொல்லை எந்தச் சிரமமும் இல்லாமல் சொன்னதை நான் கவனித்தேன். "மெதுவாவும் இருக்கலாம், நின்னும் போயிருக்கலாம். மூணு மாசம் கழிச்சு இதே ஸ்கேன் எடுப்போம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா நெஜம் தெரியும். அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம். ரெண்டு வருஷம் முந்தி வந்திருந்தா இன்னும் கொஞ்சம் பார்வை மிஞ்சியிருக்கலாம். போனது போனதுதான். இருக்கறதப் பாத்துக்கலாம்."

வெளியே வந்தோம். மழை விட்டிருக்கவில்லை. எதிரில் இருந்த டீக்கடையின் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினோம். அப்பா மூன்று டீ சொன்னார். அம்மா உறையைத் திறந்தார். கைப்பையில் இருந்து ஒரு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். எந்தத் தாளையும் கிழிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. பொய்த் தாளையும் கிழிக்க மாட்டார் போலிருக்கிறது.

"எது எது பொய்யோ அதுல நீயே கோடு போடு. மறுபடியும் ஒருத்தர் கையில இப்படியே குடுக்க முடியாது."

மருந்தின் மயக்கம் தெளியாத கண்ணுக்கு அருகில் எதுவுமே தெரியவில்லை. அம்மா ஒவ்வொரு சீட்டின் தேதியையும் வாசித்தார். என் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தார். நான் கோடு போட்டேன். கோடு எழுத்தின் மேல் விழுந்ததா, காலியிடத்தில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மா சரி என்றார். கண் எரிந்தது, கை எழுந்தது, அம்மா சொல்வதற்குள் இறக்கிக்கொண்டேன்.

அப்பா டீயைக் குடித்து முடித்து, டம்ளரைப் பலகையில் வைத்தார். நான் எதிர்பார்த்த கேள்வி, ஏன் செய்தாய் என்பது. அதற்கு என்னிடம் மூன்று விதமான விடைகள் தயாராக இருந்தன. மூன்றும் நன்றாகவே இருந்தன. அவர் அதைக் கேட்கவில்லை.

"ஊர்ல அவ்வளவு பேருகிட்டயும் சொல்லிட்டேன் தம்பி, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு. அது போவட்டும், மறுபடி சொல்லிக்கறேன். மூணு மாசம் கழிச்சு அந்த நாற்காலியில நீ உக்காருவ. கதவுக்கு வெளியில நான் உக்காந்திருப்பேன். நீ உள்ள என்ன சொல்றியோ அதை வச்சுத்தான் ஒன் கண்ணுல கை வைப்பாங்க. நான் எதை நம்பி உக்காந்திருக்கறது?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். டீக்கடைக்காரர் டீ ஆற்றும் ஓசை நின்றிருந்தது; குடையோடு ஒதுங்கிய இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். எனக்கு எதிரே முகங்கள் எல்லாம் வெறும் வெளிச்சத் திட்டுகளாக இருந்தன. அப்பா எந்தத் திட்டு என்று குரலை வைத்துக் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"தெரியற வரைக்கும் படிக்கறேன்ப்பா. தெரியாத எழுத்து வந்தா தெரியலன்னு வாயத் தொறந்து சொல்லிடறேன். ஊகிச்சு ஒரு எழுத்துகூடச் சொல்ல மாட்டேன்."